பழைய வீடு: பழுது பார்ப்பதா, வாடகைக்கு விடுவதா, விற்பதா?

ஊரில் அப்பா கட்டிய வீடு பூட்டியே கிடக்கிறதா? "ரிப்பேர் பண்ணலாம்" என்பார் அண்ணன். "வித்துடலாம்" என்பார் தம்பி. முடிவெடுக்கும் முன் ஒரு கேள்வி: வீடு இப்போது யார் பேரில் இருக்கிறது?

அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அவருடைய தாயார் இருந்தால் அவருக்கும் உண்டு. "தங்கச்சிக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்பது சட்டத்தில் செல்லாது.

முதலில் செய்ய வேண்டியவை:

• இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாரிசு சான்றிதழ் பெறுங்கள்.
• பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் பாருங்கள். பழைய அடமானம் தெரிந்துவிடும்.
• பட்டாவில் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள்.
• சொத்து வரி பாக்கியைக் கட்டிவிடுங்கள்.

பழுது பார்ப்பதானால்: கூரையில் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? மேல்பூச்சு பூசி மறைக்காதீர்கள், பொறியாளரிடம் காட்டுங்கள். மாடி எழுப்ப உள்ளாட்சி அனுமதி வேண்டும். பங்கு பிரிக்காத வீட்டில் ஒருவரே பணம் போட்டால், யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு, "உன்னை யார் செய்யச் சொன்னது?" என்ற பேச்சு வராது.

வாடகைக்கு விடுவதானால்: தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாடகையில் வரி, பராமரிப்புச் செலவு போக மிச்சம் என்ன என்று கணக்குப் பாருங்கள்.

விற்பதானால்: எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரமாகப் பதியுங்கள், வாய்ப்பேச்சு போதாது. விற்ற லாபத்துக்கு வருமான வரி உண்டு. அந்த லாபத்தில் இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ வரி விலக்குக் கோரலாம். கையெழுத்துப் போடும் முன்பே ஆடிட்டரைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அம்மா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்களா? அவர்களும் பங்குதாரர். "அம்மா, நீ எங்க இருக்க ஆசைப்படறே?" என்று கேட்டுவிட்டு மற்ற கணக்கைத் தொடங்குங்கள்.