மீதிப் பணம் யாருக்கு? மாணவி கேட்ட கேள்வி



எங்கள் ஊருக்கு ஒரு கல்லூரியிலிருந்து என்.எஸ்.எஸ். மாணவ மாணவிகள் முகாம் வந்தார்கள். கோயில் வாசலைக் கூட்டினார்கள், பள்ளிக்கூடத்தில் மரக்கன்று நட்டார்கள். கடைசி நாள் நம் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்த ஒரு மாணவி, "அக்கா, செலவு போக மீதி வர்ற பணம் யாருக்குச் சேரும்?" என்று கேட்டாள். "தலைவிக்கு" என்றார் ஒருவர். "பேங்குக்கு" என்றார் இன்னொருவர். "எல்லாரும் பிரிச்சுக்கலாம்" என்றார் மூன்றாமவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பணம் யாருடையது என்று நமக்கே தெரியாவிட்டால், யார் எடுத்தாலும் கேட்க முடியாதே!

என்.எஸ்.எஸ். என்றால் என்ன?

நாட்டு நலப்பணித் திட்டம். காந்தியடிகள் நூற்றாண்டான 1969-ல் செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். தவிர, கிராமத்தில் 7 நாள் முகாம். சேவை செய்துகொண்டே ஊரையும் அமைப்புகளையும் கற்றுக்கொள்வதுதான் நோக்கம்.

இலாப நோக்கற்ற அமைப்பு என்றால்?

"காசே மிஞ்சக் கூடாது, சம்பளமே கொடுக்கக் கூடாது" என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. மிஞ்சலாம். வேலை செய்பவருக்குச் சம்பளமும் கொடுக்கலாம். ஆனால் மிஞ்சியதைப் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. எந்த நோக்கத்துக்காக அமைப்பு தொடங்கப்பட்டதோ அதற்கே அது போக வேண்டும். அறக்கட்டளை, பதிவு பெற்ற சங்கம் எல்லாம் இந்த வகைதான்.

நம் குழு வேறு. குழுவின் சேமிப்பும் கடன் வட்டியும் உறுப்பினர்களுடைய சொந்தப் பணம். கூட்டமைப்போ, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி பதிவு பெற்றிருந்தால், அது சங்கம். அதன் மீதிப் பணம் எதற்கு என்று துணை விதியில் இருக்கும். ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மறு வருடம் என்ன செய்தோம்?

மாணவர்களுக்குத் துடைப்பம் மட்டும் கொடுக்காமல், கணக்காளர் பக்கத்திலும் உட்கார வைத்தோம். உறுப்பினர் பாஸ்புத்தகத்தையும் லெட்ஜரையும் ஒத்துப் பார்ப்பதுதான் வேலை. மூன்றாம் நாள் ஒரு மாணவன், "அக்கா, இந்த 500 ரூபாய் பாஸ்புத்தகத்துல இருக்கு, லெட்ஜர்ல ஏறலையே" என்றான். அந்த உறுப்பினரை நாலு மாசமாக "பாக்கி வச்சவ" என்று கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் கட்டியிருக்கிறார், நாங்கள்தான் எழுத மறந்திருக்கிறோம்! அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதினோம். அவர் அழுதுவிட்டார். "அமைப்புன்னா கட்டிடம், பெயர்ப் பலகைன்னு நினைச்சேன். நோட்டுதான் அமைப்புன்னு இப்பத் தெரியுது" என்றான் அந்தப் பையன்.

மாணவர்கள் வந்தால் நாம் செய்ய வேண்டியவை

1. கல்லூரிக் கடிதம் வாங்குங்கள். திட்ட அலுவலரிடம் பேசி முன்கூட்டியே வேலையை முடிவு செய்யுங்கள்.

2. குழுக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். சேமிப்பு, கடன், தீர்மானம் எப்படி நடக்கிறது என்று பார்க்கட்டும்.

3. அசல் நோட்டில் அவர்கள் எழுத வேண்டாம். தனித்தாளில் குறிக்கட்டும். திருத்துவது நம் கணக்காளர், நம் கையெழுத்தோடு.

4. கையெழுத்துப் போட்ட காசோலை, ஏ.டி.எம். ரகசிய எண், ஓ.டி.பி. யாருக்கும் கொடுக்காதீர்கள். உறுப்பினர் கடன் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் காட்டவோ, படம் எடுக்கவிடவோ கூடாது.

5. ஏழு நாளில் பிள்ளைகள் போய்விடுவார்கள். ஒத்துப் பார்க்கும் முறையை நம்மில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

* நம் கூட்டமைப்பில் மீதிப் பணம் எதற்குச் செலவாகிறது?
* என் பாஸ்புத்தகமும் லெட்ஜரும் கடைசியாக எப்போது ஒத்துப் பார்க்கப்பட்டன?
* இந்தக் கேள்விகளை நாளை ஒரு மாணவி கேட்டால், யாரையும் பார்க்காமல் நான் பதில் சொல்வேனா?

பிள்ளைகள் கற்க வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நாமும் கற்றுக்கொள்வோம், சகோதரிகளே!