மீன்தொட்டி ஹீட்டர் சத்தம் போட்டால்

மார்கழி பிறந்தால் மீன் வளர்க்கும் நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "ஹீட்டர் சத்தம் போடுது, மாத்திடவா?" பாதிப் பேர் நல்ல ஹீட்டரைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர் கெட்டுப்போனதைத் தொட்டியிலேயே விட்டுவைக்கிறார்கள். இந்த இரண்டாவதுதான் மீனைக் கொல்கிறது.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைப்பது போதாது. வயரிங்கை மாற்றிக் கொடுத்திருக்கும் வீடுகளில் ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் ஃபேஸ் ஹீட்டர் வரை வந்து நிற்கும். பிடுங்கிய பிறகு 20 நிமிடம் ஹீட்டர் நீருக்குள்ளேயே ஆறட்டும். சுடச்சுட வெளியே எடுத்துவிட்டு மறுபடி நீரில் வைத்தால் கண்ணாடிக் குழாய் விரிசல் விடும்.

இனி சத்தத்துக்கு வருவோம். அவ்வப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால், தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்கிறது, விட்டுவிடுங்கள். கடகடவென்ற அதிர்வு என்றால், ரப்பர் கப் இறுகிப்போய்க் குழாய் தொட்டிச் சுவரில் இடிக்கிறது, கப்பை மாற்றுங்கள். 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் பெரும்பாலும் போர் தண்ணீரின் உப்புப் படிவால் வருவது. வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, வெள்ளை படிந்த கண்ணாடிப் பகுதியை மட்டும் ஒரு மணி நேரம் அதில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். கத்தியால் சுரண்டாதீர்கள்.

விடாமல் 'டிக்டிக்டிக்' என்று துடித்தாலோ 'ர்ர்ர்' என்று ரீங்கரித்தாலோதான் கவலைப்பட வேண்டும். சாதாரணக் கண்ணாடி ஹீட்டருக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு இருக்கிறது. சூடேறினால் அது வளைந்து இணைப்பைத் துண்டிக்கும்; ஆறினால் மீண்டும் சேர்க்கும். ஒவ்வொரு முறையும் அந்தத் தொடுமுனையில் சிறு பொறி பறக்கிறது. பொறி பட்டுப்பட்டு முனை அரித்து, ஒருநாள் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சூட்டை அமைக்கும் திருகு எந்த எண்ணில் இருந்தாலும் ஹீட்டர் அணையாது. ஒரு நண்பர் வீட்டில் விடியற்காலை போய்ப் பார்த்தபோது திருகு 26-இல் இருந்தது, தெர்மாமீட்டர் 34 காட்டியது. ஏஞ்சல் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. முந்தின வாரம் முழுக்க ஹீட்டர் ரீங்கரித்ததாம், தட்டினால் நின்றுவிடுமாம். தட்டினால் சரியாகிறது என்றால், ஒட்டிய முனை அதிர்ச்சியில் பிரிகிறது என்று பொருள். அன்றே அதை வெளியே எடுத்திருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் தொட்டியில் வைத்துச் சோதிக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீர் எடுத்து, குறியிட்ட கோடு வரை ஹீட்டரை மூழ்கவையுங்கள். குழாய் வாளியைத் தொடக் கூடாது. தனி தெர்மாமீட்டர் ஒன்றைப் போட்டு, நீரின் சூட்டைவிட 3 டிகிரி கூடுதலாகத் திருகிவிட்டு பிளக்கைச் செருகுங்கள். 50 வாட் ஹீட்டர் இந்த அளவு நீரை மணிக்கு மூன்று, நான்கு டிகிரி ஏற்றும். ஹீட்டரில் உள்ள சிறு விளக்கு எரிந்தும் சூடு ஏறவில்லையா? உள்ளே கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது. விளக்கை நம்பாதீர்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அணைகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். சூடு ஏறியதும் பிளக்கைப் பிடுங்கி, திருகை நீரின் சூட்டுக்குக் கீழே இறக்கி, மறுபடி செருகுங்கள். விளக்கு எரியவே கூடாது. எரிந்தால் முனை ஒட்டிவிட்டது. எரியவில்லை என்றாலும் ஒரு முறை பார்த்ததோடு விடாதீர்கள். பழைய திருகு நிலைக்கே கொண்டுவந்து, அரை நாள் வாளியில் தானாக எரிந்து அணையட்டும். நடுநடுவே தெர்மாமீட்டரைப் பாருங்கள். குறித்த சூட்டுக்கு 2 டிகிரிக்கு மேல் போனால் அந்த ஹீட்டர் என் தொட்டிக்குள் போகாது. திருகின் எண் எப்போதும் ஒரே அளவு தள்ளிக் காட்டினால் அது பழுதல்ல. திருகைச் சற்று மாற்றி வைத்தால் போதும்.

குழாய்க்குள் நீராவி படிந்தாலோ, விரிசல் இருந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ சோதனையே வேண்டாம். பிரித்து ஒட்டவும் முயலாதீர்கள். நீர் புகாத அந்த அடைப்பு வீட்டில் திரும்ப வராது.

தொட்டி ஏற்கெனவே கொதித்திருந்தால் ஐஸ் கட்டி போடாதீர்கள். மூடியைத் திறந்து, டேபிள் ஃபேனை எட்டவே வைத்து நீர்ப்பரப்பில் காற்று படும்படி திருப்பி, ஏர் பம்பை முழுவேகத்தில் விடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. மீன் மூச்சுக்குத்தான் தவிக்கிறது.

புதிதாக வாங்கும்போது லிட்டருக்கு 1 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 55 லிட்டர். சமவெளியில் அதற்கு 50 வாட்டே தாராளம். நண்பர் வீட்டில் இருந்தது 100 வாட். சிறியதாக இருந்திருந்தால் ஒட்டிக்கொண்டாலும் இவ்வளவு சூடு ஏறியிருக்காது. பெரிய தொட்டியில் ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறியவை வையுங்கள்.

பழையதைக் குப்பையில் போடுமுன் அதன் வயரை அடியோடு வெட்டிவிடுங்கள். முழுதாகக் கிடந்தால் யாராவது எடுத்துப்போய்த் தம் வீட்டுத் தொட்டியில் செருகுவார்கள்.