உயிர்வேலியும் கவாத்தும்

வீட்டுத் தோட்டத்திற்கு உயிர்வேலி நட்ட அங்கத்தினர் பலர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மனம் சலித்துவிடுவதைக் காண்கிறோம். மேலே ஆளுயரம் தழைத்திருக்கும். அடியிலோ ஆட்டுக்குட்டி நுழையுமளவு சந்து விட்டிருக்கும். ஒரு பருவத்துக் கத்தரியும் வெண்டையும் ஒரே காலைப்பொழுதில் அழிவதற்கு அந்தச் சந்து போதும். இளஞ்செடியாக இருந்தபோது கத்தி படாமல் வளர்த்ததே இதற்குக் காரணம்.

செடியின் நுனிமொட்டு ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து கீழ்நோக்கி அனுப்புகிறது. அது வரும்வரை கணுக்களிலுள்ள பக்கமொட்டுகள் உறங்கிக் கிடக்கும். நுனியை அகற்றினால் அவை விழித்துக் கிளைக்கும். எந்த உயரத்தில் வெட்டுகிறோமோ அதையடுத்த கணுக்களே பெரும்பாலும் தளிர்க்குமாதலால், மார்பளவு வளர்ந்தபின் வெட்டினால் அடர்த்தியும் மார்பளவில்தான் உண்டாகும். அடி அடைபட வேண்டுமாயின் முதல் வெட்டு அடியில் விழ வேண்டும்.

எச்செடியை நடுவது என்பதை இடம் பார்த்து முடிவு செய்க. காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிலும் கிளுவை வேலியைக் காணலாம். வறட்சியைத் தாங்கும், முள்ளும் உண்டு. கோடையில் இலை உதிர்ந்து நிற்பதைக் கண்டு பட்டுப்போயிற்றென்று அஞ்ச வேண்டா. வீட்டை ஒட்டிய சிறு தோட்டத்திற்கு ஆடாதோடையும் நொச்சியும் ஏற்றவை. ஆடு தொடாமையால் வந்த பெயர் என்று ஆடாதோடையைப் பற்றிச் சொல்வதுண்டு. அப்பெயருக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. நெசவாளர் வீடுகளில் ஒன்று கவனிக்க வேண்டும். பாவு நீட்டும் இடத்தின் ஓரத்தில் முள்செடி கூடாது. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொப்பே போதும், இழைகளை அறுத்துவிடும். சீமைக்கருவேலை எவ்விடத்திலும் நட வேண்டா. அதன் காயைக் கால்நடைகள் தின்ன, சாணத்தின் வழியே விதை பரவி, வேலி ஒரு பக்கம் இருக்க நிலமெல்லாம் அது முளைத்துவிடும்.

எல்லைக் கோட்டிலேயே நடுவது வழக்குக்கு வித்து. இரண்டடி உள்ளே தள்ளி, ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள வாய்க்கால் தோண்டித் தொழு உரமிட்டு மூடுக. அதில் ஓரடிக்கு ஒன்றாக இரு வரிசை நடவேண்டும். இரண்டாம் வரிசைச் செடி முதல் வரிசையின் இடைவெளிக்கு நேரே வரட்டும். நொச்சியும் ஆடாதோடையும் மழைக்காலத் தொடக்கத்தில் நட்ட குச்சியிலிருந்து எளிதில் வேர்விடும். கிளுவைப் போத்தை நீர் தேங்குமிடத்தில் நட்டால் அழுகிவிடும்.

நட்டவை வேரூன்றி ஒன்றரை அடி வளர்ந்ததும் தரையிலிருந்து அரையடி விட்டு வெட்டிவிடுக. வளர்த்த கைக்கு இது மிகவும் கசப்பான வேலை. பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான். பின்னர்ப் புதுத் தளிர்கள் ஓரடி நீளும்போதெல்லாம் அதில் பாதியைக் குறைத்து வர வேண்டும். விரும்பிய உயரத்தை வேலி எட்டுவதற்குச் சற்றுக் காலம் பிடிக்கும், அவசரப்படலாகாது. கத்தி கூரியதாக இருக்கட்டும். மழுங்கிய அரிவாளால் நசுங்கிய கொம்பு நுனியிலிருந்து காய்ந்துவரும்.

வேலியின் வடிவத்தையும் சொல்ல வேண்டும். அடி இரண்டரை அடி, உச்சி ஒன்றரை அடி என்று மேலே செல்லச் செல்ல ஒடுங்கி வருமாறு பக்கங்களைக் கத்தரிப்பது நலம். உச்சி அகன்றால் அதன் நிழலில் கீழிலைகள் வெயிலின்றி உதிரும், மீண்டும் சந்துதான். இருபுறமும் கயிறு கட்டிக்கொண்டு வெட்டினால் கோடு பிசகாது. கடுங்கோடையில் கனமான கவாத்து வேண்டா. மண்ணில் ஈரம் உள்ளபோது வெட்டினால் தளிர் விரைந்து வரும். வெட்டுமுன் கிளைகளை விலக்கிப் பார்த்து, குஞ்சுள்ள கூடு இருப்பின் அவ்விடத்தைச் சில வாரம் விட்டுவைப்பது நன்று. பூச்சிகளைத் தின்று நம் தோட்டத்தைக் காக்கும் பறவைகள் அவை.

முன்னரே அடி வெறுமையாகிப்போன நொச்சி, ஆடாதோடை வேலிகளைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. மழை தொடங்கும்போது ஓரடிக்குக் குறைத்து, எரு வைத்து, மேலே கூறியபடி புதிதாகத் தொடங்கலாம். அவ்வளவிலும் அடையாத சந்துக்கு அருகிலுள்ள நீண்ட கிளையை வளைத்து மண்ணில் பதியன் போடலாம். அதுவரை அவ்விடத்தை முள்ளோ படலோ வைத்து அடைத்துக் காக்க வேண்டும்.

கழித்த நொச்சித் தழையும் ஆடாதோடைத் தழையும் நெல்வயல் சேற்றில் மிதித்துவிடத் தக்க பசுந்தழை உரம். நொச்சியின் நீண்ட மிலாறுகளைப் படல் கட்டவும் கூடை முடையவும் எடுத்து வைக்கலாம். கிளுவையில் கழித்த முற்றிய கொம்புகளை அடுப்புக்கு இடாமல் நிழலில் சாய்த்து வைத்தால், அடுத்து வேலி போட இருக்கும் அங்கத்தினருக்குப் போத்தாகக் கொடுக்கலாம்.