பருவ வயதும் சருமப் பராமரிப்பும்

ஒன்பதாம் வகுப்பில் எப்போதும் முதல் வரிசையில் அமரும் மாணவி, இரண்டு வாரமாகக் கடைசி வரிசையில் தலை குனிந்தே அமர்ந்திருந்தாள். தனியே அழைத்துக் கேட்டேன். கன்னம் முழுவதும் சிவந்து, சிறு சிறு பருக்களாக இருந்தது. பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்துக் காட்டினாள். "பருவுக்குன்னு மருந்துக் கடையில குடுத்தாங்க மிஸ். மூணே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆச்சு. இப்ப போடலன்னா எரியுது" என்றாள். உறையைப் படித்தேன். அதில் இருந்தது மொமெட்டசோன் என்னும் ஸ்டீராய்டு.

நம் வகுப்பறைகளிலும் இப்படிச் சில களிம்புகள் புத்தகப் பைக்குள் இருக்கக்கூடும். ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியவை சிலவற்றை இங்கே பகிர்கிறேன்.

பரு ஏன் வருகிறது?

பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடுவதால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. இந்த எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து மயிர்க்கால் துளையை அடைக்கின்றன. அடைபட்ட துளையில் பாக்டீரியா பெருகும்போது வீக்கமும் சீழும் உண்டாகின்றன. கரும்புள்ளியின் கருமை அழுக்கு அன்று. அடைப்பில் உள்ள மெலனின் காற்றுப் பட்டுக் கருக்கிறது. ஆகவே, "முகம் கழுவாததால்தான் பரு" என்று வகுப்பில் சொல்வது தவறு. அதை நம்பும் பிள்ளைகள் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

களிம்பு செய்யும் தீங்கு

ஸ்டீராய்டு களிம்புகள் சில தோல் நோய்களுக்கு நல்ல மருந்துகள்; மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாள்வரை மட்டும். முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், இரத்த நாளங்கள் வெளியே தெரியும், பருக்கள் பெருகும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் சிவந்து எரியும். எரிச்சலுக்குப் பயந்து மீண்டும் பூசுவார்கள். படர்தாமரைக்குப் பூசினாலோ அரிப்பு அடங்கும். பூஞ்சை உள்ளுக்குள் பரவும்.

சிவப்பழகு தருவதாக விற்கப்படும் சில முகப்பூச்சுகளில் பாதரசமும் கலந்திருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023இல் இத்தகைய பூச்சுகளைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். உற்பத்தியாளர் பெயரும் முகவரியும் இல்லாத எந்தப் பூச்சையும் வாங்கக் கூடாது.

அன்றாடப் பழக்கங்கள்

* காலையும் மாலையும், விளையாடி வியர்த்த பிறகும் மென்மையான சோப்பால் முகம் கழுவினால் போதும்.
* பருவைக் கிள்ளக் கூடாது. வீக்கம் ஆழமாகித் தழும்பு நிலைத்துவிடும்.
* தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்தால் அங்கே பரு கூடும். அளவாக வைத்து, நெற்றியைத் துடைத்துக்கொள்ளலாம்.
* துண்டு, சீப்பு, உள்ளாடை ஆகியவற்றைப் பகிரக் கூடாது. ஈர உடையை அப்படியே அணியக் கூடாது.
* காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயில் கடுமை. குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை, மர நிழல் ஆகியவை செலவில்லாப் பாதுகாப்பு. வசதி உள்ளவர்கள் எஸ்.பி.எப். 30 அளவுள்ள சன்ஸ்கிரீன் பூசலாம். வெயிலில் தோல் அடையும் சேதம் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும் என்பதால் இப்பழக்கம் இளமையிலேயே வர வேண்டும்.
* பரு அதிகமானால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சரியான மருந்தும் பலன் தர 6 முதல் 8 வாரம் ஆகும். மூன்று நாளில் மாற்றும் களிம்பு என்றால் ஐயப்பட வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

வீட்டில் உள்ள களிம்பு, முகப்பூச்சு ஆகியவற்றின் காலி உறைகளை மாணவர்கள் கொண்டுவரட்டும். குழுவாகப் பிரித்து, உள்ளடக்கப் பொருள்கள், காலாவதி நாள், தயாரிப்பாளர் முகவரி ஆகியவற்றை அட்டவணையிடச் செய்யுங்கள். மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாத மருந்துகளின் உறையில் எச்சரிக்கை வாசகம் இருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபீட்டாசோல், மொமெட்டசோன் ஆகிய பெயர்களைக் கரும்பலகையில் எழுதித் தேடச் சொல்லுங்கள். யாருடைய உறை என்று வகுப்பில் கேட்க வேண்டாம். பயன்படுத்திவரும் பிள்ளையைத் தனியே அழைத்து, பெற்றோருடன் மருத்துவரிடம் அனுப்புங்கள். தாமாகத் திடீரென நிறுத்த வேண்டாம், எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார் என்பதையும் கூறுங்கள்.

நம் சொற்கள்

அந்த மாணவியிடம், எதற்காக இதைப் பூசத் தொடங்கினாய் என்று கேட்டேன். ஆண்டு விழா வரவேற்பு நடனத்தில் தன்னைச் சேர்க்கவில்லை என்றாள். பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். "கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கறவங்க முன்னால வாங்க" என்று நான் சொன்னது எனக்கு நினைவில்லை, அவளுக்கு இருந்தது. அவளிடம் வருத்தம் தெரிவித்தேன்.

தோலின் நிறம் மெலனினின் அளவைப் பொறுத்தது. அந்த மெலனின்தான் வெயிலிலிருந்து காக்கிறது. இதைப் பாடத்தில் சொல்லும் நாம், நடனத்துக்கும் நாடகத்துக்கும் ஆள் எடுக்கும்போதும், செல்லப் பெயர் சொல்லி அழைக்கும்போதும் மறந்துவிடக் கூடாது.

அவள் இப்போது அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் சிகிச்சை பெறுகிறாள். சிவப்பு இன்னும் முழுவதும் மாறவில்லை. ஆனால் சென்ற வாரம் முதல் வரிசைக்கு வந்துவிட்டாள்.