வைஃபை இல்லாத இடத்தையும் பார்

அன்புள்ள தம்பி,

அமெரிக்க ராணுவத் தளங்களுக்கு வைஃபை அமைக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். விதிகளைப் படித்தால் தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தாய். பொறுமையாகப் படி. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

கருவியின் விளம்பரத்தில் ‘ஃபிப்ஸ் 140’ என்ற குறியாக்கத் தரத்தின் பெயர் இருப்பதை நம்பி வாங்கிவிடாதே. சோதனைக்குப் போன குறிப்பிட்ட பதிப்புக்குத்தான் அந்தச் சான்று. ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் அது செல்லாமல் போகலாம். “ஃபிப்ஸுக்கு ஏற்றபடிதான் செய்திருக்கிறோம்” என்பார் விற்பனையாளர். சான்று எண்ணைக் கேட்டு வாங்கு. அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட்டின் பட்டியலில் தேடி, பதிப்பை ஒத்துப் பார். ‘ஃபிப்ஸ் மோடில் இயங்கும்போது மட்டும்’ என்று அதில் ஒரு வரி இருக்கக்கூடும். அந்த மோட் கருவியில் ஆன் ஆகியிருக்கிறதா என்று நீயே பார். 140-2 சான்றுகள் 2026 செப்டம்பரில் பழைய பட்டியலுக்குப் போகின்றன. இனி வாங்குவதற்கு 140-3 கேள்.

குறியாக்கமும், இ.ஏ.பி-டி.எல்.எஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையும் உனக்குக் கைவந்தவை. நீ தடுமாறக்கூடிய இடம் வேறு. 2009-இல் முதலில் வந்த, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 8420.01 என்ற ஆணை, கம்பி வழி நெட்வொர்க் மட்டும் இருக்கும் இடத்திலும் வைஃபை ஊடுருவலைக் கண்காணிக்கச் சொல்கிறது. வைஃபையே இல்லாத இடத்தில் எதற்கு என்று தோன்றும்.

யு.எஸ்.எஸ். மான்செஸ்டர் என்ற போர்க்கப்பலை நினைத்துக்கொள். 2023-இல் அதன் மூத்த மாலுமிகள் சிலர் கடலுக்குப் போகுமுன் மேல்தளத்தில் ஒரு ஸ்டார்லிங்க் ஆன்டெனாவை ரகசியமாகப் பொருத்தினார்கள். ‘ஸ்டிங்கி’ என்ற பெயரில் ஒரு வைஃபை மற்றவர்களின் போன்களில் தெரிந்தது; பேச்சு கிளம்பியதும் அதன் பெயரை வயர்லெஸ் பிரிண்டரின் பெயர் போல மாற்றிவிட்டார்கள். அப்படியொரு வயர்லெஸ் பிரிண்டர் அந்தக் கப்பலிலேயே கிடையாது! தேடியும் அகப்படவில்லை. மாதங்கள் கழித்து, அனுமதி பெற்ற வேறொரு கருவியைப் பொருத்த வந்த ஊழியர் கண்ணில்தான் ஆன்டெனா பட்டது. எதிரிக்குக் கப்பல் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய சமாசாரம் அது.

அவர்கள் செய்தது குற்றம். அவர்களை வழிநடத்தியவரை ராணுவ நீதிமன்றம் தண்டித்தது. ஆனால் மாதக்கணக்கில் கடலில் இருப்பவனுக்கு வீட்டாரோடு பேச வேண்டும் என்ற தவிப்பு உண்மையானது. அதற்கு வழி வைக்காத வடிவமைப்பை ஆடிட்டர் ஒப்புக்கொள்ளலாம், நீ ஒப்புக்கொள்ளாதே. அலுவல் நெட்வொர்க்கிலிருந்து முழுக்கப் பிரிந்த, தளபதி வேண்டும்போது அணைத்துவிடக்கூடிய ஓர் இணைப்பை முதல் வரைபடத்திலேயே சேர்த்து, அதற்கும் முறையாக அனுமதி வாங்கு.

அன்புடன்,
அண்ணன்