ஆழமறியாமல் காலை விடாதே



‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்பது நம் முன்னோர் மொழி. உலகின் வடகோடியில் வாழும் மக்களும் இதே நெறியைக் கைக்கொண்டு வாழ்கின்றனர்.

கனடாவின் வடபகுதியில் இனுயிட் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். குளிர்காலத்தில் உறைந்துவிடும் கடலே அவர்களுக்குச் சாலை. ஈட்டியால் பனியைக் குத்தி, அதன் உறுதியை அறிந்த பின்னரே வேட்டைக்காரர் அடியெடுத்து வைப்பர். புவி வெப்பமடைந்து வருவதால், இன்று பனி தாமதமாக உறைகிறது, விரைவில் உருகுகிறது. பாட்டன் காட்டிய பாதையும் காலடியில் உடையக்கூடும். ஆகவே, லாப்ரடார் கரையிலுள்ள நெயின் என்னும் ஊரில் தொடங்கிய திட்டத்தின்படி, பனியின் தடிப்பை அளக்கும் கருவியை வண்டியின் பின்னே இழுத்துச் சென்று, அபாயமான இடங்களை ஊராருக்கு அறிவிக்கின்றனர். முதியோர் அறிவும் கருவியும் அங்கே கைகோத்துள்ளன.

பனியே காணாத மலாக்காவுக்கு இதனால் என்ன பாடம்? வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால், காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆதலால் கனமழை மேலும் கடுமையாகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரையும் மலாக்காவையும் பெருவெள்ளம் தாக்கியதைப் பெற்றோர் பலர் மறந்திரார். ‘இந்தச் சாலையில் இவ்வளவுதான் நீர் ஏறும்’ என்னும் பழங்கணக்கை மட்டும் நம்புதல் இனித் தகாது.

ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்தவரையும் வீழ்த்த வல்லது. 30 சென்டிமீட்டர் நீர் சிறிய காரையே அடித்துச் செல்லக்கூடும். கலங்கிய நீரில் சாலையோரமும் கால்வாயும் வேறுபாடின்றித் தோன்றும். எனவே, பனியைக் குத்திப் பார்ப்பது போல வெள்ளத்தில் இறங்கிப் பார்த்தல் கூடாது.

நம் ஈட்டி வேறு. வடிகால், நீர்ப்பாசன இலாகா ஆறுகளின் நீர்மட்டத்தை ‘வாஸ்பாடா’, ‘அமாரான்’, ‘பஹாயா’ என, அதாவது விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் எனப் படிப்படியாக அறிவிக்கிறது. கைத்தொலைபேசியில் அதனைப் பார்த்த பின்னரே புறப்படுக. எந்தத் தாழ்நிலம் முதலில் மூழ்கும் என்பதைத் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவர். மாணவர்களே! அவர்களிடம் கேட்டு, வீட்டிலிருந்து பள்ளிவரையுள்ள வழியைப் படமாக வரைந்து, அந்த இடங்களைச் சிவப்பு மையால் குறியுங்கள்.

பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வரும் பெற்றோர்களே! சாலையில் வெள்ளம் ஓடினால் திரும்பிச் செல்லுங்கள். விடுபட்ட பாடத்தை மறுநாள் நடத்தலாம். போன உயிரை எவராலும் மீட்க இயலாது.