கதையாடலில் ஆப்பிரிக்கர்: சமூக ஊடகங்களை முன்வைத்து

ஒரு மக்களைப் பற்றிப் பலகாலும் சொல்லப்பட்டு, கேட்போர் நெஞ்சில் உண்மையெனவே நிலைத்துவிடும் கருத்துத் தொகுதியைக் 'கதையாடல்' என்பர் திறனாய்வாளர். ஆப்பிரிக்கர் பற்றிய கதையாடலில் சமூக ஊடகங்கள் பெறும் இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிள்ளையார்குப்பத்திலிருந்து எம் வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர், வாட்ஸ்அப்பில் வந்த காணொலியொன்றைக் காட்டினார். ஆப்பிரிக்கர் மனித இறைச்சி உண்பவர் என்றது அது. எடுத்த இடமோ, நாளோ, சொன்னவர் பெயரோ அதில் இல்லை. "ஆப்பிரிக்கர் எவரோடேனும் பேசியதுண்டா?" என வினவினோம். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இத்தகைய வதந்தியின் விளைவை 2017 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் கிரேட்டர் நொய்டாவில் கண்டோம். பள்ளி மாணவர் ஒருவர் காணாமற்போகவே, நைஜீரியர் அவரைக் கொன்று தின்றனர் என்ற பேச்சு பரவிற்று. அவர் வீடு திரும்பி, பின்னரே மருத்துவமனையில் இறந்தார். குற்றஞ்சாட்டப்பட்ட நைஜீரியர் ஐவரும் சான்றின்மையால் விடுவிக்கப்பட்டனர். ஆயினும் மார்ச் 27 அன்று, வணிக வளாகமொன்றில் நைஜீரிய மாணவர்களைக் கும்பலொன்று கொடுமையாகத் தாக்கியது. அத்தாக்குதலை நாடறியச் செய்ததும் கைப்பேசிக் காணொலியே. இந்தியாவிலுள்ள ஆப்பிரிக்க மாணவர் சங்கம் தன் முறையீட்டைச் சமூக ஊடகங்கள் வழியாகவே எடுத்துரைத்தது. கருவி ஒன்றே; அதன்வழிப் பொய்யும் பரவிற்று, பாதிக்கப்பட்டோர் குரலும் ஒலித்தது.

எனவே பழி முழுவதையும் கருவியின்மீது சுமத்துதல் பொருந்தாது. கைப்பேசி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே 'காப்பிரி' என்னும் சொல் தமிழில் வழங்கிற்று. அரபு மொழிக்குரிய அச்சொல், போர்த்துக்கீசியர் வழியே இங்கு வந்து ஆப்பிரிக்கரைக் குறித்தது. நாளடைவில் அது தோற்றத்தை இகழும் வசையாகவும் ஆயிற்று. பழைய இகழ்ச்சிக்குச் சமூக ஊடகம் புதிய வேகத்தைத் தந்துள்ளது என்பதே எம் துணிபு.

அபிசீனியரான பிலால் (ரலி) அவர்களின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்கிறோம். அவ்வாறே அபிசீனியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர், அகமதுநகர் அரசைத் தாங்கி, 1626இல் மறையும்வரை முகலாயரை எதிர்த்து நின்றதையும் பெருமையுடன் படிக்கிறோம். இவர்களைப் போற்றும் அதே கையால், இவர்தம் மண்ணின் மக்களை இழிவுசெய்யும் காணொலியைப் பிறர்க்கு அனுப்புதல் தகுமோ?

மாணவர்காள்! செய்தி வந்ததும் மூன்றினை வினவுங்கள்: சொன்னவர் யார்? நிகழ்ந்த இடமும் காலமும் யாவை? யாரைப் பற்றிச் சொல்லப்பட்டதோ, அவர் என்ன கூறுகிறார்? மூன்றாம் வினாவுக்கு விடை கிடைக்கும்வரை அச்செய்தி நம் கையோடு நிற்கட்டும்.